முகப்பைக் கடைசியில் படியுங்கள்: விக்டோரியா காலத்து வணிக அலுவலகக் கட்டடத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

காவிரிப்படுகையைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கோயிலில் தொடங்கி வயலில் முடித்துவிடுகிறார்கள். நாகப்பட்டினத்தில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும், கீழே செல்போன் கடையும் மேலே புறாக்களுமாக நிற்கும் பழைய வணிக அலுவலகங்களுக்கு யாரும் தலபுராணம் எழுதுவதில்லை. அரிசி ஏற்றுமதி செய்தவர்களும் கப்பல் ஏஜென்டுகளும் லேவாதேவிக்காரர்களும் உட்கார்ந்து கணக்கெழுதிய இடங்கள் அவை. அப்படி ஒரு கட்டடம் உங்கள் தெருவில் இருந்து, அதன் வரலாற்றை எழுதவேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்குமானால், கட்டடக்கலை படித்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு டேப்பு, ஒரு டார்ச், கோடு போடாத நோட்டு, கைப்பேசி, இவற்றோடு சார்பதிவாளர் அலுவலகத்துப் பெஞ்சில் அரைநாள் உட்காரும் பொறுமை இருந்தால் போதும்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தெருவில் நின்று முகப்பைப் பார்த்து, கைப்பிடிச்சுவரில் எழுதியிருக்கும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதையே கட்டடத்தின் வயதாக எழுதிவிடுவது எளிது. நானே ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு வணிகக் குடும்பத்தின் பழைய அலுவலகத்தைப் பற்றிய சிறு வெளியீட்டில், முகப்பில் சுதையில் எழுதியிருந்த 1889-ஐ நம்பி, அந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று அச்சிட்டுவிட்டேன். பிறகு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தபோது அந்தக் கைப்பிடிச்சுவர் முழுவதும் சிமெண்டில் கட்டியிருந்தது. 1952 புயலில் பழைய சுவர் சரிந்து விழுந்ததையும், புதிதாகக் கட்டியபோது தொழில் தொடங்கிய ஆண்டைப் பெரியவர் ஒருவர் எழுதச் சொன்னதையும் குடும்பத்தார் அதன்பிறகே நினைவுகூர்ந்தார்கள். 1871-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் அதே மனையில் மெத்தைக் கட்டடம், அதாவது தளம் போட்ட கட்டடம், இருந்ததாக எழுதியிருந்தது. காற்றும் மழையும் பங்காளிகளின் ரசனையும் முதலில் கைவைப்பது முகப்பின்மீதுதான் என்பதால், அதைக் கடைசியில் படிப்பதே நல்லது.

எந்தக் காலம், எந்த வகைக் கட்டடம்

விக்டோரியா அரசி 1837 முதல் 1901 ஜனவரி வரை ஆட்சியில் இருந்தார். இந்த 64 ஆண்டுகளும் நம் பகுதிக்கு ஒரே தன்மை உடையவை அல்ல. தஞ்சாவூர்ச் சீமையின் ஆட்சி 1799-இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது என்றாலும், மராட்டிய அரச மரபு 1855-இல்தான் முடிவுக்கு வந்தது. டேனியர்கள் தரங்கம்பாடியை 1845-இல் விற்றார்கள். கலெக்டரின் தலைமையிடம் அந்த ஆண்டுவரை நாகப்பட்டினத்திலும், பிறகு 1860 வரை தரங்கம்பாடியிலும் இருந்து, அதற்குப் பிறகே தஞ்சாவூருக்கு வந்தது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே, அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரையிலான பாதையை 1861-62-இல் திறந்தது. 1874-இல் அந்தக் கம்பெனி சவுத் இந்தியன் ரயில்வேயின் பகுதியாயிற்று. நம் ஊர்களில் அலுவலகத்துக்கென்றே தனிக் கட்டடம் தேவைப்படும் அளவுக்கு வணிகம் விரிந்தது பெரும்பாலும் ரயிலுக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. அதற்குமுன் வணிகரின் வீட்டுத் திண்ணையே ஆபீசு, திண்ணையை ஒட்டிய அறையே கஜானா.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது அலுவலகமாகவே கட்டப்பட்டதா, வீடாக இருந்து அலுவலகமானதா என்பது. மாடிப்படி இதற்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். வீடாக இருந்தால் படி உள்ளே, இரண்டாம் கட்டில் அல்லது முற்றத்தின் ஓரத்தில், ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய குறுகலான செங்குத்துப் படியாக இருக்கும். வெளியாள் மாடிக்கு வரவேண்டிய தேவை அங்கு இல்லை. அலுவலகமாகவே கட்டியதென்றால், கீழ்த்தளத்துக் கடைக்குள் நுழையாமலேயே தெருவிலிருந்து நேராக மாடிக்குப் போகும் அகன்ற படி இருக்கும். கிணறும் சமையலறைப் புகைக்கூண்டும் பின்கட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில்தான் வாடகை அலுவலகக் கட்டடம் என்பது தனியொரு வகையாக உருவானது. லிவர்பூலில் பீட்டர் எல்லிஸ் 1864-இல் எழுப்பிய ஓரியல் சேம்பர்ஸ் அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு: இரும்புச் சட்டகம் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, முகப்பு முழுவதும் வெளியே பிதுங்கிய கண்ணாடிச் சாளரங்களாகவே அமைந்தது. மங்கலான வானத்தின்கீழ் எழுத்தரின் மேசைக்குப் போதிய வெளிச்சம் வரவேண்டும் என்பது அங்கிருந்த கவலை. நாகப்பட்டினத்தில் அதே ஆண்டுகளில் கட்டியவர்களுக்குக் கவலை நேர்மாறானது. கண்கூசும் வெயிலை மேசைக்கு வராமல் தடுக்கவேண்டும், காற்று மட்டும் வரவேண்டும். அதனால்தான் இங்கே அகன்ற முன்தாழ்வாரம், சாய்ந்த மரப்பட்டிகள் கொண்ட சாளரக் கதவுகள், கூரைக்குச் சற்றுக் கீழே சிறு காற்றுத் துவாரங்கள். தூண்களும் முக்கோண முகட்டு அலங்காரமும் ஐரோப்பாவைப் பார்த்துச் செய்தவையாக இருக்கலாம். உள்ளே போனால் முற்றமும் தாழ்வாரமுமாகத் தஞ்சாவூர் வீட்டின் வரைபடமே பெரும்பாலும் எதிர்ப்படும்.

இங்கே ஒன்று சொல்லிவிடவேண்டும். சென்னைக் கடற்கரைச் சாலையில் 1897-இல் எழுந்த மெட்ராஸ் பாங்கு கட்டடத்துக்கு ஹென்றி இர்வின் என்ற கட்டடக்கலைஞர் பெயர் இருக்கிறது, ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியின் பெயரும் இருக்கிறது. படுகையின் சிற்றூர்க் கடைத்தெருவில் அப்படிப் பெயர் தேடி நாட்களை வீணாக்காதீர்கள். பெரும்பாலானவை உரிமையாளரின் யோசனையிலும் உள்ளூர்ப் பெரிய கொத்தனாரின் கைக்கணக்கிலும் எழுந்தவை.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

மேல்தளத்து அறையின் நடுவில் நின்று, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மேலே பாருங்கள். விக்டோரியா காலத்துக் கட்டடமாக இருந்தால், தேக்கு உத்தரங்களின் மேல் ஒன்றரை அடி, இரண்டடி இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் ஓடும். அவற்றின் மேல் உள்ளங்கை அகலம்கூட இல்லாத மெல்லிய சிறு செங்கற்கள், படுக்கையாக இல்லாமல் விளிம்பில் நிறுத்தி, சுவருக்குச் சாய்கோணமாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். வெள்ளையடி பெயர்ந்த இடத்தில் இந்தச் சாய்வரிசை மீன்செதிள்போல் தெரியும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். பழைய பத்திரங்களில் இதே கட்டடம் மெத்தை என்றோ மச்சு என்றோ வரும். அந்தச் செங்கல் வரிசைக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த தளம் போட்டு, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது வழக்கம். அதற்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். இவ்வளவும் இருந்தால் கூரை பழையது. ஆனால் இம்முறை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தொடர்ந்ததால், மெட்ராஸ் டெரஸ் இருப்பதாலேயே 1901-க்கு முந்தையது என்று எழுதிவிடக்கூடாது.

சட்டங்களுக்குப் பதிலாக இரும்பு உத்தரங்கள் இருந்து, அவற்றுக்கிடையே செங்கல் சிறு வளைவுகளாக வளைந்து நின்றால், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். உருட்டாலை, அதாவது இரும்பை உருட்டி உத்தரமாக்கும் ஆலை, உத்தரத்தின் நடுத்தகட்டில் தயாரித்த கம்பெனியின் பெயரைப் புடைப்பெழுத்தில் பதிப்பது வழக்கம். பெயின்ட் மறைத்திருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே எழுத்தின் நிழல் எழும், சுரண்டவேண்டியதில்லை. டார்மன் லாங், மிடில்ஸ்பரோ என்று இருந்தால், அந்தக் கம்பெனி 1875-இல் தொடங்கியது என்பதால் உத்தரம் அதற்குப் பிந்தையது. டாடா என்று இருந்தால் ஜாம்ஷெட்பூரில் எஃகு உற்பத்தி தொடங்கிய 1912-க்குப் பிந்தையது. அத்தோடு விக்டோரியா காலம் முடிந்தது, குறைந்தபட்சம் அந்த அறைக்கு.

நம் பகுதியில் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம். கழித்த தண்டவாளத்தையே உத்தரமாகப் போட்டிருப்பார்கள். நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளிப் பாதை முதலில் அகலப்பாதையாகப் போடப்பட்டு 1875-இல் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தின் பக்கத்தகட்டைப் பாருங்கள். உருட்டிய கம்பெனியும் ஆண்டும் அங்கே இருக்கக்கூடும். அந்த ஆண்டுக்குமுன் கூரை போடப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்லும். தண்டவாளம் பாதையில் எத்தனை ஆண்டு கிடந்தது, கழித்தபின் யார் கிடங்கில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதை அது சொல்லாது. பொருளில் பதிந்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதே கணக்குத்தான்.

மங்களூர் ஓட்டில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிறது. பின்கட்டிலோ தாழ்வாரச் சரிவிலோ இருக்கும் ஓட்டைப் புரட்டினால் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற ஆண்டும் இருப்பதைப் பார்த்துப் பலர் துள்ளிக் குதித்திருக்கிறார்கள். 1865 என்பது மங்களூரில் அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சுட்ட ஓட்டிலும் அதே எண் இருக்கும்.

சுவரும் சுண்ணாம்பும்

சுவரை இரண்டு இடங்களில் படித்தால் போதும்: காரை பெயர்ந்த பின்சுவர், மாடிப்படியின் அடிப்பக்கம். ஐந்து செங்கல்லையாவது நீளம், அகலம், கனம் என்று அளந்து எழுதுங்கள். மெல்லிய நாட்டுச் செங்கல்லும், ரயில்வே வேலைகளின் வழியாகப் பரவிய சுமார் 9 அங்குல நீளக் கனத்த செங்கல்லும் ஒரே சுவரில் கலந்திருந்தால், அந்தச் சுவர் இரண்டு முறை கட்டப்பட்டது, அல்லது இடித்த கட்டடத்தின் கல்லை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். இணைப்புச் சாந்தை ஆணியால் மெல்லக் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, ஆணி வழுக்கிக் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட். போர்பந்தரில் 1914-இல் சிமெண்ட் ஆலை உற்பத்தி தொடங்கும்வரை இங்கே வந்த சிமெண்ட் பெரும்பாலும் கப்பலில் வந்த பண்டம். கடைத்தெருக் கட்டடத்தின் சாதாரணச் சுவரில் அதைக் கொட்டியிருக்கமாட்டார்கள். கடலோரத்தில் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. சாந்தில் நகக்கண் அளவுக்குக் கிளிஞ்சல் துணுக்கு கண்ணில் பட்டால் அதைப் பெரிதாகப் படம் எடுத்து வையுங்கள்.

விரிசலையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் உடனே பயப்படவேண்டாம். படுகையின் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும் தன்மை கொண்டது. சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு இருக்கும் விரிசல் கார்த்திகையில் மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகம் எப்படி நடந்தது

கட்டடத்தின் வயதைத் தேடும் ஆர்வத்தில், அதற்குள் வேலை எப்படி நடந்தது என்பதை எழுத மறந்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இதுவே கட்டுரையின் உயிரான பகுதி. தெருப்பக்கத்துப் பெரிய அறையின் உட்சுவரில், தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடி உயரத்தில், அடைபட்ட சிறு துவாரம் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கு நேர்மேலே கூரைச் சட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருந்தால், அங்கே பங்கா தொங்கியது. கட்டையில் துணி தைத்துத் தொங்கவிட்ட அந்த விசிறியின் கயிறு துவாரத்தின் வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே தரையில் உட்கார்ந்து ஒருவர் நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருப்பார். துவாரத்தின் உள்விளிம்பை விரலால் தடவினால், கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த வழவழப்பான பள்ளம் தட்டுப்படும். நான் பார்த்த ஓரிடத்தில் பள்ளம் விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் மட்டும், சற்று இடதுசாய்ந்து விழுந்திருந்தது. இழுத்தவர் துவாரத்துக்கு நேர்கீழே உட்காராமல், வெயில் வராத மூலையைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து கஜானா அறை. சுவரின் கனம் மற்ற அறைகளைவிட அதிகமாக, ஜன்னல் இல்லாமல், அல்லது உயரத்தில் கம்பி பதித்த சிறு திறப்போடு இருக்கும். அதில் பெரிய இரும்புப் பெட்டி இன்னும் இருந்தால், கதவைவிடப் பெட்டி அகலமா என்று அளந்து பாருங்கள். அகலமென்றால் பெட்டியை வைத்தபிறகே கதவுநிலை வந்தது என்பது தெளிவு. சப், மில்னர் முதலிய ஆங்கிலக் கம்பெனிகளின் பெயர்த்தகடும் வரிசை எண்ணும் இருந்தால் படம் எடுங்கள்.

வாடிக்கையாளர் எதுவரை வரலாம், குமாஸ்தாக்கள் எங்கே உட்கார்ந்தார்கள், முதலாளியின் அறையிலிருந்து யார் யாரைப் பார்க்க முடியும் என்பதையும் தரையே காட்டிக்கொடுக்கும். கவுன்டர் நின்ற இடத்தில் தரைக்கல்லில் வரிசையாக ஆணித் துளைகள் இருக்கும். அதன் வெளிப்புறம் காலடி தேய்ந்து பள்ளமாகவும், உட்புறம் அவ்வளவு தேயாமலும் இருக்கும். தரையை நனைத்துவிட்டுச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நனையுங்கள்.

எழுத்தில் இருக்கும் ஆண்டு

இப்போது முகப்புக்கு வரலாம். அங்கே ஆண்டு எழுதியிருந்தால் அது நான்கு விதமாக இருக்கக்கூடும். ஆங்கில எண் என்றால் சிக்கல் இல்லை. தமிழ் எண்ணில் ௧௮௯௭ என்றோ, பழைய முறையில் ௲௮௱௯௰௭ என்றோ இருக்கலாம், இரண்டும் 1897-தான். பின்னதில் ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் வருவதால், பழகாத கண்ணுக்கு அது வெறும் அலங்காரக் கொடியாகத் தெரியும். பெயின்ட் அடிப்பவர் அதை உண்மையாகவே கொடியாக்கிவிட்ட முகப்பும் உண்டு. கலியாண்டு என்றால் 3101-ஐக் கழியுங்கள்: கலி 5000 என்பது 1899 சித்திரையில் முடிந்தது என்று கணக்கிடுபவர்களும் தொடங்கியது என்பவர்களும் உண்டு, ஆகவே ஓராண்டு முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வருஷப்பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பும். விளம்பி என்பது 1898-99, அதற்கு முந்தையது 1838-39, பிந்தையது 1958-59. எந்த விளம்பி என்பதைக் கூரையும் சுவரும் சொல்லவேண்டும், அதனால்தான் அவற்றை முதலில் பார்க்கச் சொன்னேன்.

அரசியின் பெயரெழுத்துச் சின்னமோ சுதையில் பதித்த நாணயமோ இருந்தால் உற்றுப் பாருங்கள். விக்டோரியா இந்தியப் பேரரசியாக 1877 ஜனவரி 1 அன்று அறிவிக்கப்பட்டார். அதன்பிறகே நாணயங்களில் அரசி என்பது பேரரசி என்று மாறியது.

பத்திரங்கள்

கட்டடம் சொன்னதை இனிக் காகிதத்தோடு பொருத்தவேண்டும். முதலில் உரிமையாளரிடம் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குவார்கள், சொத்து வழக்கு நடக்கும் வீடுகளில் அது இயல்பு. நகல் வேண்டாம், சொத்து விவரப் பகுதியை மட்டும் உங்கள் முன்னாலேயே பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பழைய பத்திரத்தில் உங்களுக்கு வேண்டியது செக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதி. இதில் புதியவர்கள் தவறாமல் ஒரு பிழை செய்கிறார்கள். ‘பெரிய தெருவுக்கு மேற்கு, சத்திரத்துக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால், நம் மனை அந்தத் தெருவுக்கு மேற்கிலும் சத்திரத்துக்கு வடக்கிலும் இருக்கிறது என்று பொருள்; அதாவது தெரு நமக்குக் கிழக்கில், சத்திரம் நமக்குத் தெற்கில். மேற்கில் தெரு என்று தலைகீழாகப் படித்துவிட்டால், வேறொருவர் கட்டடத்தின் வரலாற்றை எழுதிவிடுவீர்கள். எல்லையாகக் குறிக்கப்பட்டவை ஒவ்வொரு பத்திரத்திலும் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து பாருங்கள். காலிமனை என்றிருந்த வடக்கெல்லை அடுத்த பத்திரத்தில் கிடங்கு என்றால், பக்கத்துக் கட்டடத்தின் வயதும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. மனையின் உள்ளிருப்பைச் சொல்லும் சொற்களையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். கூரைக்கட்டு, ஓட்டுக்கட்டு, மெத்தை என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு கட்டடங்கள். பரப்பளவு குழிக்கணக்கில் இருந்தால், தஞ்சாவூர்ப் பக்கத்தில் 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா என்று கொண்டு, உங்கள் டேப்பு அளவோடு ஒப்பிடுங்கள்.

இந்தியாவில் பத்திரப் பதிவுக்கான பொதுச்சட்டம் 1864-இல் இயற்றப்பட்டு 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகளைத்தான் காட்டும். அதற்கு முன்னுள்ளவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்லவேண்டும். நகரத்தின் பெயரும் எல்லையும் மாறியிருப்பதால், மயிலாடுதுறையைத் தேடுபவர் மாயவரம் என்ற பெயரிலும் கேட்கவேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மாயவரம், மன்னார்குடி ஆகிய ஐந்தும் 1866-இல் நகராட்சிகளாயின. ஆகவே வீட்டுவரிப் பதிவேடு அதற்குப் பிறகுதான் இருக்க முடியும். எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது கரையானையும் காப்பறையையும் பொறுத்தது. கிடைக்குமானால், வரி திடீரென்று இரண்டு மடங்கான ஆண்டைத் தேடுங்கள். மாடி எழுந்த ஆண்டு பெரும்பாலும் அதையொட்டியே இருக்கும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்டப் பதிவுகளும், 1883-இல் வெளியான தஞ்சாவூர் மாவட்டக் கையேடும், 1906-ஆம் ஆண்டு கெஜட்டியரும் பார்க்கக் கிடைக்கும். அவற்றில் உங்கள் கட்டடம் இருக்காது. ஆனால் அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் என்ன வணிகம் நடந்தது என்பது இருக்கும். ஒரு வங்கிக் கிளைக் கட்டடத்தைப் பற்றி எழுதினால், கும்பகோணம் பாங்கு 1904-இல் தொடங்கியது, அதுவே இன்றைய சிட்டி யூனியன் பாங்கு என்பது போன்ற ஆண்டுகளை முன்பே தெரிந்துவைத்திருப்பது, கேட்கும் கதைகளைச் சல்லடையிட உதவும்.

கேட்ட கதைகள்

எல்லாக் கட்டடத்திலும் உங்களுக்கு முதலில் சொல்லப்படுவது ‘இது வெள்ளைக்காரன் கட்டினது’ என்பதே. தூண் வைத்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. மறுக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு, ‘அப்புறம் யார் கைக்கு வந்தது?’ என்று கேளுங்கள். யார் கட்டினார் என்ற நினைவு பெரும்பாலும் மங்கியிருக்கும். யார் விற்றார், எந்தப் பங்காளி ஏமாற்றினார் என்ற நினைவு நூறாண்டு ஆனாலும் மங்காது. பத்திரத்தோடு பொருத்திப் பார்க்கக்கூடியது இரண்டாவதுதான். ஆண்டைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்பதும் பலன் தரும். 1924 வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை வந்ததாகப் பாட்டி சொன்னார், 1952 புயலிலும் 1977 புயலிலும் எந்தப் பக்கம் விழுந்தது, அப்போது யார் வாடகைக்கு இருந்தார் என்றால் பதில் உடனே வரும். குடும்பச் சண்டையின் விவரங்களையும் உயிரோடிருப்பவர்களின் பெயர்களையும் கட்டுரைக்குள் கொண்டுவராமல் நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

ஒரு கட்டடத்துக்கு ஒரே ஆண்டு கொடுக்கவேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழ்த்தளம் 1871-க்கு முன், மேல்தள உத்தரங்கள் 1875-க்குப் பின், முகப்புக் கைப்பிடிச்சுவர் 1952-க்குப் பின் என்று பகுதி பகுதியாக எழுதுங்கள்; ஒவ்வொன்றுக்கும் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை அதே வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கட்டடமும் பத்திரமும் ஒன்றோடொன்று முரண்பட்டால், இரண்டையும் எழுதி, எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். கேட்ட கதையை, கேட்ட கதை என்றே அடையாளம் காட்டுங்கள். வரைபடத்தில் வடக்கைக் குறிக்கவும், அளவுகளை அடியிலும் மீட்டரிலும் கொடுக்கவும் மறவாதீர்கள். அச்சுக்கு முன் ஒரு படியை உரிமையாளரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் 1889 பிழையைச் செய்தபோது அதை மட்டும் செய்திருந்தால், புயலின் கதை ஒரு மாதம் முன்பே வந்திருக்கும்.

மொட்டைமாடி வேலைகளை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவது நல்லது. நனைந்த சுண்ணாம்புத் தளம் வழுக்கும், பாசி பிடித்த கைப்பிடிச்சுவரில் சாயவும் கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கும் முன்னதாகவே போய்விடுங்கள். பங்காத் துவாரத்தை முதலில் படம் எடுங்கள், பூசி அடைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.